ஐ.ரி.யும் வியாபாரமும்: வன்னியில் இருந்து முதுமாணிக்குப் போகிறவர் எந்த வாசலைத் தட்டுவது?

இந்த வருடம் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருத்தி புதுக்குடியிருப்புப் பிள்ளை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஐ.ரி. முடித்துவிட்டு, கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் வேலை செய்கிறாள். மற்றவன் என் சித்தியின் மகன். யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவம் படித்தவன், நெடுங்கேணிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறான். "அண்ணா, மாஸ்டர்ஸ் செய்யப் போறன். எம்.பி.ஏ. நல்லதா, எம்.எஸ்சி. ஐ.ரி. நல்லதா?"

கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் நான் வேறு வேறு பதில்தான் சொன்னேன். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தப் படிப்பு எதற்கு என்பதை எங்கள் ஊர் நெல்லை வைத்தே காட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் நெல் வாங்கும் ஒரு நிலையத்தில் வேலை செய்தேன். காலபோக அறுவடை தொடங்கினால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் உழவு இயந்திரங்களில் வந்து வரிசை கட்டி நிற்கும். நிர்வாகம் நல்ல விலை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. அதில் எடையைப் பதிய இடம் இருந்தது, ஈரப்பதத்தைப் பதிய இடமில்லை. நெல் வாங்குகிற எவருக்கும் ஈரப்பதம்தான் முதல் பேச்சு. 14 சதவீதம் என்பது அரசாங்கக் கொள்வனவின் அளவு. 18 சதவீத ஈரத்தில் வாங்கிய 1,000 கிலோ நெல் காய்ந்து 14 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 953 கிலோதான் மிஞ்சும். அந்த 47 கிலோ எங்கே போனது என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது. ஆகவே எங்கள் பிள்ளைகள் ஈரத்தையும் கழிவையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, பின்னேரம் தேறிய எடையை மட்டும் கொம்பியூட்டரில் ஏற்றினார்கள். மாத முடிவில் களஞ்சியத்தில் இருந்த நெல்லும் திரையில் இருந்த நெல்லும் ஒத்துப்போகவில்லை. ஒரு காவலாளியைக் கள்ளன் என்றுகூடச் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகிறது.

மென்பொருள் எழுதியவன் கெட்டிக்காரன். முகாமையாளருக்கும் நெல் வியாபாரம் தண்ணி பட்ட பாடு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "உங்கள் வேலை எப்படி நடக்கிறது, படிப்படியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள் இருக்கவில்லை. பிஸ்னஸ் அனலிஸ்ட், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், ஈ.ஆர்.பி. (ஒரு நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருள்) ஆலோசகர், தரவுப் பகுப்பாய்வாளர், ஐ.ரி. செயற்றிட்ட முகாமையாளர் என்று வேலை விளம்பரங்களில் வரும் பெயர்கள் எல்லாம் அந்த நடு ஆளைத்தான் சுற்றி வருகின்றன. வியாபாரத்துக்கான ஐ.ரி. முதுமாணி என்றால் அந்த நடுவில் நிற்கப் பழக்குகிற படிப்பு.

ஆகவே என் முதல் அளவுகோல் மிக எளிது. உங்களிடம் எந்தப் பாதி இல்லையோ அந்தப் பாதியைப் படியுங்கள். ஐ.ரி. பட்டதாரி மறுபடியும் எம்.எஸ்சி. ஐ.ரி. செய்தால், முதல் வருடத்தில் தரவுத்தளத்தையும் மென்பொருள் பொறியியலையும் கொஞ்சம் ஆழமாகத் திரும்பப் படிப்பார். முகாமைத்துவப் பட்டதாரி பொது எம்.பி.ஏ. செய்தால் சந்தைப்படுத்தலும் மனிதவளமும் திரும்ப வரும். இரண்டும் தவறில்லை. தொழில்நுட்பத்தில் ஆழமாகப் போக விரும்புபவருக்கு எம்.எஸ்சி. தேவைதான். ஆனால் நடுவில் நிற்கப் போகிறவருக்கு அது இரண்டு வருடச் செலவுக்கு ஈடில்லை.

சரி, வாசல்களைப் பார்ப்போம்.

எங்களுக்குக் கிட்ட இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. முகாமைத்துவ கற்கைகள் வணிக பீடம் நடத்துவது, வேலை செய்பவர்களை மனதில் வைத்தது. கிளிநொச்சியில் இருந்து 65 கிலோமீற்றர் அளவுதான். விடிய பஸ் ஏறி, படித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதில் ஐ.ரி. குறைவு, முகாமைத்துவம் கூட. அதனாலேயே ஐ.ரி. பட்டதாரிக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். நிதி அறிக்கையை வாசிக்கத் தெரியாத ஐ.ரி. ஆளை எந்த முகாமையாளரும் தன் அறைக்குள் உட்கார வைத்துப் பேச மாட்டார். லீசிங் கம்பனியில் இருக்கும் அந்தத் தங்கச்சிக்குத் தரவுத்தளத்தில் இருந்து தகவலைக் கேட்டெடுக்கும் கியூரி எழுதத் தெரியும், அறிக்கை எடுக்கத் தெரியும். ஆனால் ஒரு கடன் ஏன் அறவிட முடியாக் கடன் ஆகிறது, அதற்கு ஏன் ஒதுக்கீடு வைக்கிறார்கள் என்று கேட்டால் தடுமாறுகிறாள். அவளுக்கு இல்லாத பாதி அது. கூடப் படிப்பவர்களும் வங்கி முகாமையாளர்கள், திணைக்கள உத்தியோகத்தர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் என்று வடக்கிலேயே வேலை செய்கிறவர்கள். நாளைக்கு ஒரு தேவை வந்தால் தொலைபேசி எடுக்கக்கூடிய ஆட்கள்.

அடுத்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. இன் ஐ.ரி. கணினி விஞ்ஞான பொறியியல் துறை நடத்துவது. பெயரிலேயே இரண்டு பாதியும் இருக்கிறது. இந்த நாட்டில் இந்தத் துறைக்கு என்றே செய்த படிப்பு என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஐ.ரி. மூலோபாயம், செயற்றிட்ட முகாமைத்துவம், வியாபார நடைமுறைகளை மாற்றியமைத்தல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கூட இருப்பவர்கள் கொழும்பின் மென்பொருள் கம்பனிகளிலும் வங்கிகளிலும் நடுமட்டத்துக்கு வந்தவர்கள். வேலை அனுபவம் கேட்பார்கள், ஆகவே பட்டம் வாங்கிய கையோடு போக முடியாது. அனுபவம் கேட்பது நல்லதுதான். ஒரு அலுவலகம் எப்படிக் குழம்புகிறது என்பதைக் கண்ணால் கண்டவருக்குத்தான் அந்த வகுப்பில் பேச ஏதாவது இருக்கும்.

தடை தூரம். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர், மொறட்டுவை அதற்கும் தெற்கே. ஒரு அரையாண்டுக்கு 15 வார இறுதி, மூன்று அரையாண்டு வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 தடவை போய் வரவேண்டும். தடவைக்கு 660 கிலோமீற்றர் என்றால் மொத்தம் 29,700. அதே 45 தடவை யாழ்ப்பாணம் போய் வந்தால் 5,850. வெள்ளி இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கொழும்பில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய், ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை வேலைக்குக் கையெழுத்து வைக்கிற வாழ்க்கை அது. முதல் மூன்று மாதம் எல்லாரும் செய்வார்கள். அப்புறம் உடம்பு கேள்வி கேட்கும். வவுனியாவில் இருப்பவருக்குப் பாதை கொஞ்சம் குறுகும், முல்லைத்தீவில் இருந்து வருபவருக்கு இன்னும் நீளும். கொழும்பில் சனி இரவு தங்க அக்கா வீடோ பெரியம்மா வீடோ இல்லாதவர் அறை வாடகையையும் சேர்க்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இரவுப் பயணமே வீட்டில் முதல் வாக்குவாதம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காரணம் காட்டி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதையும் ஏற்க மாட்டேன். இரண்டு பேராகச் சேர்ந்து போனால் செலவும் பயமும் பாதியாகும்.

கட்டணப் பட்டியலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. கொழும்புக்காரருக்கு இரண்டு படிப்புக்கும் வித்தியாசம் கட்டணம்தான். எங்களுக்கு வித்தியாசம் அந்த இருபத்துநாலாயிரம் கிலோமீற்றர்.

மூன்றாவது, யு.சி.எஸ்.சி. என்று எல்லாரும் சொல்லும், 2002இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் எம்.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப முதுமாணி. இது தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்தது. வேறு துறையில் பட்டம் பெற்று ஐ.ரி.க்கு வர நினைப்பவர்கள் பலர் தேடிப் போகிற வாசல். என் சித்தி மகன் போன்ற முகாமைத்துவப் பட்டதாரிக்கு இல்லாத பாதி இங்கே இருக்கிறது. ஆனால் அடித்தளம் இல்லாமல் உள்ளே போனால் மூச்சு முட்டும். நிரலாக்கத்தில் ஒரு வரி எழுதாதவர் நேரே முதுமாணி வகுப்பில் போய் உட்கார்வதை நான் விரும்பவில்லை.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. அதே யு.சி.எஸ்.சி. 2000ஆம் ஆண்டில் இருந்து நடத்தும் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரி இளமாணிப் பட்டம். வளாகத்துக்குப் போகாமலே பதிந்து படிக்கலாம். முதல் வருடத்தைச் சித்தியடைந்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா. "ஏற்கனவே டிகிரி இருக்கு, திரும்ப டிகிரியா?" என்று தம்பி முகத்தைச் சுளித்தான். மூன்று வருடமும் படிக்கச் சொல்லவில்லை. முதல் வருடத்தை மட்டும் படி, தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்.கியு.எல். மொழியும் கொஞ்சம் நிரலாக்கமும் கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு முதுமாணிக்கு விண்ணப்பி என்றேன். கணக்கு எழுதத் தெரிந்தவனுக்குத் தரவுத்தளம் சீக்கிரம் பிடிபடும். பேரேடும் அட்டவணையும் தூரத்துச் சொந்தக்காரர்கள் அல்ல, கூடப்பிறந்தவர்கள்.

பேராதனையில் உள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனத்தையும் மறக்க வேண்டாம். ஏ9 பாதை வவுனியாவில் இருந்து நேரே கண்டிக்குத்தான் இறங்குகிறது. தரவு விஞ்ஞானத்தில் ஆசையும் கணிதத்தில் பிடிப்பும் உள்ளவருக்குக் கொழும்பைவிட அது கிட்ட. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அதுவும் ஒரு வழி.

கொழும்பின் தனியார் நிறுவனங்கள் சொல்லித்தரும் பிரித்தானிய முதுமாணிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு வருடத்தில் முடியும், ஒன்லைனில் பாதி வகுப்பு நடக்கும் என்பதெல்லாம் எங்கள் தூரத்துக்கு உண்மையிலேயே வசதி. பதிவதற்கு முன் ஒரு விடயத்தைப் பார்த்துவிடுங்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? அரச சேவையில் இருப்பவர் என்றால், உங்கள் பதவியின் சேவைப் பிரமாணக் குறிப்பில் அந்த முதுமாணி செல்லுமா? இதை விளம்பர மேசையில் கேட்டுப் பயனில்லை, உங்கள் நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிவிட்டு, கடைசியில்தான் அது தன் பதவி உயர்வுக்கு உதவாது என்று அறிந்தார்.

அதோடு மட்டத்தையும் பாருங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் முதுமாணி என்ற பெயரில் இரண்டு மட்டங்கள் உண்டு. ஒன்பதாம் மட்டம் 30 கிரெடிட், பாடநெறி மட்டும். பத்தாம் மட்டம் 60 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது. ஒரு கம்பனியில் வேலை உயர வேண்டும் என்றால் ஒன்பது போதும். ஒருநாள் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியிலோ விரிவுரையாளராக நிற்க வேண்டும் என்ற ஆசை மனதின் ஒரு மூலையில் இருந்தால் பத்துக்குப் போங்கள். பிறகு திரும்பி வந்து ஆய்வுப் பகுதியைச் செய்வது பெரிய அலைச்சல். இன்னொரு கணக்கு: ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. 30 கிரெடிட்டுக்கு 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல். ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு இல்லாமல் தொடங்கவே கூடாது.

இந்தியா ஒரு நல்ல தெரிவு, ஏனோ எங்கள் பிள்ளைகள் அதை இரண்டாம் பட்சமாகப் பார்க்கிறார்கள். அங்கே எம்.சி.ஏ. என்ற கணினிப் பயன்பாட்டு முதுமாணி 2020இல் இருந்து இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. தமிழ்நாட்டில் படித்தால் வகுப்புக்கு வெளியே மொழிச் சிரமம் இல்லை, பலாலியில் இருந்து சென்னைக்கு விமானமும் இருக்கிறது. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்குத் தரும் புலமைப்பரிசில்களில் மௌலானா ஆசாத் பெயரில் உள்ளது முதுமாணிக்கானது. கிடைத்தால் கட்டணச் சுமையே இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் இதன் விலை. இன்னும் பொறுப்பு விழாத இருபத்தைந்து வயதுக்காரருக்கு இதை நான் துணிந்து சொல்வேன்.

பிரித்தானியா பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். ஒரு வருட முதுமாணி, அதன் பின் அங்கே வேலை தேட விசா. அந்த விசா இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி 1இல் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். பாடநெறி முதுமாணிக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக 2024 ஜனவரியில் இருந்து இடமில்லை. படிப்புக்காகப் போகிறீர்களா, குடியேறப் போகிறீர்களா என்று முதலில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். குடியேறுவதிலும் தவறில்லை, எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் போனதால்தான் மற்றவர்கள் சாப்பிட்டோம். ஆனால் மீள்குடியேறி வந்து எத்தனையோ பாடுபட்டு மீட்ட காணியை விற்று அந்தக் கட்டணத்தைக் கட்டப்போகிறீர்கள் என்றால், அந்தச் செலவுக்குப் படிப்புச் செலவு என்று பெயர் வைக்காதீர்கள். 18 மாதத்தில் நிலையான வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுப் பட்டம் என்றால், அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் 2017இல் தொடங்கிய ஒன்லைன் பகுப்பாய்வு முதுமாணியைச் சொல்லலாம். மொத்தக் கட்டணம் பத்தாயிரம் டொலருக்குள் வரும்படி தொடங்கியது, வியாபாரப் பகுப்பாய்வுக்குத் தனிப்பிரிவும் அதில் உண்டு. புள்ளிவிபரவியலும் பைத்தனும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் உயர்தரமானது. ஆனால் டொலரில் கட்டும் எந்தப் படிப்புக்கும் 2022ஐ நினைவில் வையுங்கள். அந்த வருடத் தொடக்கத்தில் பத்தாயிரம் டொலர் என்றால் இருபது இலட்சம் ரூபாய். மே மாதத்தில் அதுவே முப்பத்தாறு இலட்சம். நடுவழியில் படிப்பை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதுமாணியே வேண்டாம், சான்றிதழ் போதும் என்ற பேச்சும் உண்டு. பாதிதான் சரி. பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலைக்குத் தொடக்க நிலைச் சான்றிதழான ஈ.சி.பி.ஏ.வுக்கு அனுபவம் தேவையில்லை, வாசித்து எழுதலாம். செயற்றிட்ட முகாமையாளருக்கான சான்றிதழான பி.எம்.பி.க்குப் பட்டதாரி என்றாலும் 36 மாதம் செயற்றிட்டங்களை நடத்திய அனுபவம் வேண்டும், ஆகவே அது பிறகுதான். தனியார் துறையில் கொழும்புக் கம்பனிக்கு வீட்டில் இருந்து வேலை செய்ய நினைப்பவருக்குச் சான்றிதழும் கையில் ஒரு செய்து காட்டிய வேலையும் முதுமாணியைவிடச் சீக்கிரம் கதவைத் திறக்கும். அரச வேலைக்கும் வங்கிப் பதவி உயர்வுக்கும் முதுமாணிதான் எடை.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். வன்னிக்குள் பிஸ்னஸ் அனலிஸ்ட் என்று பெயர்ப்பலகை போட்ட கதிரைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வேலை இருக்கிறது, வேறு பெயர்களில். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். ஆடைத் தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் ஆடைத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. அந்த அளவான இடங்களில் உற்பத்தி, இருப்பு, வரவு எல்லாம் கணினி முறைமைக்குள்தான் ஓடும். வங்கிகள், லீசிங் கம்பனிகள், தொண்டு நிறுவனங்களின் கண்காணிப்புப் பிரிவுகள், மாகாணத் திணைக்களங்கள் எல்லாவற்றிலும் தரவு குவிந்து கிடக்கிறது, அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. எங்கள் கூட்டுறவுச் சங்கங்களில் எத்தனை இன்னும் சி.ஆர். கொப்பியில் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இடைவெளியை மூடக் கொழும்பில் இருந்து ஒருவரும் வரப்போவதில்லை.

ஆங்கிலம் பற்றியும் ஒன்று. மேலே சொன்ன படிப்புகள் ஆங்கிலத்தில்தான். எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதிவிடுவார்கள், குழு ஒப்படையில் எழுந்து நின்று பேசத்தான் தயங்குவார்கள். எம்.பி.ஏ. வகுப்பில் பாதிப் படிப்பே அந்தப் பேச்சுத்தான். விண்ணப்பிக்கும் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஏதாவது ஒரு வங்கியின் ஆண்டறிக்கையை எடுத்து நாளுக்கு நாலு பக்கம் வாசித்து, வாசித்ததை யாருக்காவது ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். சொற்களும் வரும், வியாபாரமும் விளங்கும்.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி யாழ்ப்பாண எம்.பி.ஏ.க்கு விண்ணப்பிக்க முடிவெடுத்திருக்கிறாள். மொறட்டுவைதான் அவள் ஆசை. ஆனால் தகப்பன் இல்லாத வீட்டில் தாயையும் தம்பியையும் வார இறுதி முழுக்க விட்டுப் போக அவளால் முடியாது. ஆய்வுத் தலைப்பையாவது தன் லீசிங் கிளையின் அறவீட்டுத் தரவில் எடுக்கச் சொன்னேன், அப்படியென்றால் இரண்டு பாதியும் அந்த ஒரு ஆய்வுக்குள் வந்துவிடும். என் சித்தி மகன் பி.ஐ.ரி. முதல் வருடத்துக்குப் பதியச் சம்மதித்துவிட்டான். என் பழைய மடிக்கணினியைக் கேட்டிருக்கிறான். விசைப்பலகையில் இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை. வரும் சனிக்கிழமை வவுனியாவில் திருத்தக் கொடுத்துவிட்டு, அப்படியே நெடுங்கேணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.